சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே

மறுபடியும் பந்தை எதிரணிக்காரனின் காலுக்கே தள்ளிவிட்டான் சைமோன்.

மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டம் ஓவென்று கத்தியது. கோல்கீப்பர் பாய்ந்து விழுந்து தடுத்ததால் தப்பித்தார்கள்.

"ஆட்டத்த வித்துட்டாம்லே!" என்று யாரோ கூவினான்.

மாதா கோயில் திருவிழாக் கோப்பை. இறுதி ஆட்டம். இவர்கள் சிவப்பு, எதிரணி பச்சை. நேற்றுவரை எதிரே வந்தவர்கள் வெள்ளையோ மஞ்சளோ போட்டிருந்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

இன்று அவன் கண்ணுக்கு மைதானம் முழுக்க ஒரே சட்டை.

இடைவேளை விசில் ஊதியதும் கேப்டன் டெல்பின் ஓடிவந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"எவன்கிட்டலே காசு வாங்குன?"

வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னான்.

"எனக்கு ரெண்டு சட்டையும் ஒண்ணுபோலதாம்லே தெரியுது."



டெல்பின் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.

"இது என்ன நெறம்?"

"பழம்புளி நெறம்."

"அவனுவ போட்டிருக்கது?"

"அதுவும் அதான்."

பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அதற்குள் டெல்பினின் பிடி தளர்ந்திருந்தது. கசங்கிய சட்டையை அவனே நீவிவிட்டான்.

"எல்லாவனும் வாயத் தொறங்கலே. பந்து வேணும்னா கத்து."

கத்தினார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியதும், ஏலத்தில் மீனுக்குக் கத்துவதுபோலக் கத்தினார்கள்.

சைமோன் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டான். இடப்பக்கம் கரகரத்தால் ரொமால்ட். பின்னால் கீச்சென்றால் அஜின். விடியுமுன் கடலில், முகம் தெரியாத இருட்டில், வலையின் மறுமுனையிலிருந்து கேட்டுப் பழகிய குரல்கள். பந்து குரலைத் தேடிப் போனது. உடம்பெல்லாம் ஜிவ்வென்றிருந்தது.

எதிரணிக்கும் சூட்சுமம் பிடிபட்டது. அவர்களும் கத்தத் தொடங்கினார்கள்.

"சைமோன்! இங்க!"

"சைமோன், வலத்தால விடுலே!"

ஓடிக்கொண்டே சிரித்தான் சைமோன். அந்தக் குரல்களில் ஒன்றுகூட அவனோடு வலை இழுத்ததில்லை.

கடைசி நிமிடம். யாருக்கும் கோல் இல்லை. நாலா பக்கமும் அவன் பெயர். தூரத்தில், காற்றுக்கு எதிராக, டெல்பினின் தொண்டை.

பார்க்காமலே அடித்தான்.

டெல்பின் முட்டினான். வலை உப்பியது.

வெடி வெடித்தது. கொட்டுக்காரர்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். யார் யாரோ அவனைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். மூச்சு முட்ட முட்டக் கத்திக்கொண்டே சுற்றினான்.

இறக்கிவிட்டபோது எதிரே ஒரு நெட்டையன் நின்றான். எதிரணியின் தடுப்பாட்டக்காரன். தோற்ற முகமாக இல்லை. தன் ஆட்கள் அருகில் இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சைமோனின் காதருகே குனிந்தான்.

"எனக்கும் அப்படித்தாம்லே. நீ எப்பிடி இவனுவகிட்ட சொன்ன?"

சைமோன் அவனை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வா. நானும் வாறேன்."

கொட்டுச் சத்தத்தை விட்டு விலகி, தோற்றவர்கள் உட்கார்ந்திருந்த பக்கமாக இருவரும் நடந்தார்கள்.