கடைசி பெஞ்ச் ஜினகுமார்

"டீச்சர், ஒரு டவுட்டு" என்று கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார் ஜினகுமார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. டீச்சர் அவருடைய சொந்த மகள் சம்யுக்தா.

"அங்கிள் அமெரிக்காவுக்கு, மாப்பிள்ளை வூட்டுக்குக் கெளம்பிட்டாரு. அதான் இங்கிலீஷ்ல பூந்து வெளையாடுறாரு" என்றாள் முன்வரிசை தர்ஷினி. வகுப்பு சிரித்தது. ஜினகுமாரும் சிரித்து வைத்தார்.

உண்மையில் அவரை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது ஒரு வக்கீல் ஆபீஸ் தபால். போன மாதம் மகள் பெயருக்கு வந்ததை அவரே கையெழுத்துப் போட்டு வாங்கி, கடையில் ஜரிகைப் பெட்டிக்கு அடியில் மறைத்துவிட்டார். மேலே சம்யுக்தா, கீழே மருமகன் ரிஷப், நடுவில் 'வெர்சஸ்'. கிரிக்கெட் பார்க்கிற மனிதருக்கு அந்தச் சொல்லும், அடுத்த வரியில் இருந்த 'டைவர்ஸ்' என்ற சொல்லும் மட்டும்தான் புரிந்தன.

பாவி, இப்படிச் செய்துவிட்டானே! லீவில் வந்து, சிரித்த முகமாக டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் இதை எப்படிக் காட்டுவது? காஞ்சிபுரத்தில் யாரிடம் படிக்கக் கொடுத்தாலும் பொழுது சாய்வதற்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தார். அது சொன்ன தமிழ் இங்கிலீஷைவிடப் பயமுறுத்தியது. என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்தால், சம்பந்தி காலிலாவது விழுந்து பார்க்கலாம்.

அதனால் மகளின் வகுப்பிலேயே சேர்ந்தார். பெரிய சொல்லைத் தலை, நடு, வால் என்று துண்டு போட்டு அர்த்தம் பிடிக்கும் வித்தையை அவள் சொல்லிக்கொடுத்தாள். பேப்பரில் பார்த்ததாகச் சொல்லி நாளுக்கொரு சொல்லாகக் கேட்டே பாதித் தபாலைத் தாண்டிவிட்டார்.

"என்ன வேர்டுப்பா?"

"ரிட்ரீவ்." சந்தேகம் வரக்கூடாதென்று நடுத்துண்டை மட்டும் கேட்டார்.

"மீட்கறது" என்று சம்யுக்தா போர்டில் எழுதினாள். முன்னால் 'இர்' சேர்த்தாள், பின்னால் 'ஏபிள்' சேர்த்தாள். "இர்ரிட்ரீவபிள். மீட்கவே முடியாதது."

தபாலில் இருந்த அதே முழுச்சொல். டீச்சர் என்றால் கேட்டதற்கு மேலேயும் சொல்லத்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டார். பேனாவை மூடி வைத்தார். இனி யார் காலில் விழுந்தும் பிரயோஜனமில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"போதும்மா. நாளைலேர்ந்து நான் வரல."

சம்யுக்தா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னும் ரெண்டு பக்கம் இருக்குதேப்பா."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "உனக்கு... தெரியுமா?"

"வாயால சொல்லத் தைரியம் வரலப்பா. நீயே படிச்சுத் தெரிஞ்சிக்கணும்னுதான் சொல்லிக் குடுத்துக்கினு இருந்தேன்."

"எதைம்மா?"

"கேஸ் போட்டதே நான்தான்."