மாற்றிக் கொடுத்த ஸ்விட்ச்

"ரேடியேட்டர் ஃபேன் ஸ்விட்ச் கேட்டா, டெம்பரேச்சர் சென்சாரைக் கொடுத்திருக்கீங்களே!"

"ரெண்டும் ஒரே மாதிரி பித்தளையா இருந்தா நான் என்ன பண்றது?"

"பழைய கார்ல ஒத்தை ஊசி இருந்தா சூடு காட்டுற மீட்டருக்கு. ரெண்டு ஊசி இருந்தா ஃபேனுக்கு. அவ்வளவுதாங்க."

மெக்கானிக் அப்படிப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. அப்பாவின் உதிரிபாகக் கடையில் நிற்கும் அவளுக்கு அது மண்டையில் ஏறியதாகத் தெரியவில்லை. அதன் பிறகும் மாற்றி மாற்றியே கொடுத்தாள். அவனும் மறுநாள் சிரித்துக்கொண்டே வந்து, சரியானதை வாங்கிக்கொண்டு போனான்.

இன்று அவன் வெயிலில் நடந்தே வந்திருந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது. அவன் கேட்ட ஃபேன் ஸ்விட்சையே எடுத்து நீட்டினாள்.

பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது.

"ஏங்க, இன்னிக்கு மட்டும் சரியாக் கொடுத்துட்டீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ, நான் வேணும்னே மாத்திக் கொடுத்தது உங்களுக்குத் தெரியுமா?"

"பெட்டி நம்பரைப் பார்த்தாலே தெரியுமே! நாளைக்கு நான் என்ன சொல்லிக்கிட்டு இங்க வர்றது?"

அவன் வராத நாட்களில் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றவள், தொண்டையிலேயே தங்கியிருந்ததை ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

"எங்கப்பாகிட்ட பொண்ணு கேட்க வந்திருக்கேன்னு சொல்லிக்கிட்டு வாங்க."