சனிக்கிழமைத் திருத்தங்கள்

"தேங்காய்க் கேக்குக்குப் பரிசு வாங்கினது ஹேசல் இல்ல, ஆக்னஸ்! நானே கைதட்டிட்டு வந்தேன்!"

நெடீன் கடிதத்தை மேசையில் அடித்த வேகத்தில் கிளைட் ஹாக்கெட்டின் காபி தளும்பியது. அவர் நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அப்படியா? ஹேசல்னுதானே எழுதியிருக்கேன்?"

"அதைத்தான் தப்புன்னு சொல்றேன், எம்.எல்.ஏ. சார்!"

ட்விலாவின் உணவு விடுதியில் அத்தனை தலைகளும் தட்டை நோக்கிக் குனிந்துகொண்டன. எட்டு வருடமாக எல்லாச் சனிக்கிழமையும் நடக்கிற கூத்துதான். கிளைட் தொகுதி மக்களைச் சந்திக்க ஜன்னலோர மேசையில் காலை எட்டு மணிக்கு வந்து உட்காருவார். எட்டேகாலுக்கு நெடீன் வருவாள். அவர் வாராவாரம் வீடுகளுக்குத் தபாலில் அனுப்பும் கடிதம் அவள் கையில் இருக்கும், சிவப்புப் பென்சில் கோடுகளோடு.

முப்பது வருடம் மாவட்ட அலுவலகத்தில் பிறப்பும் இறப்பும் நிலப் பத்திரமும் பதிவு செய்தவள் நெடீன். கணவர் இறந்து, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, இந்தக் கடிதம்தான் அவளுக்கு அலுவலகம்.

"அப்புறம் பாலம். திங்கட்கிழமை திறக்கிறாங்கன்னு போட்டிருக்கீங்க. செவ்வாய்க்கிழமை! யோடர் வீட்டு இரட்டைக் குழந்தைங்க ரெண்டும் பொண்ணு. நீங்க ஒண்ணைப் பையனாக்கிட்டீங்க. தீயணைப்பு வீரர்களுக்கு விருந்து மெத்தடிஸ்ட் சர்ச்சிலயாம்! பாப்டிஸ்ட் சர்ச்சுக்காரங்க அந்த விருந்துக்காக மூணு நாளா மீன் சுத்தம் பண்ணிட்டிருக்காங்க, காதுல விழுந்தா உங்களையும் சேர்த்துப் பொரிச்சிடுவாங்க."

கிளைட் ஒவ்வொன்றையும் பவ்வியமாகக் குறித்துக்கொண்டார். ஆறடி உயரம், பண்ணை வேலையில் காய்த்துப்போன கை. அந்தக் கையில் பென்சில் தீக்குச்சி மாதிரி தெரிந்தது.

"சட்டசபைச் செய்தி?" என்று கேட்டார்.

"அதுல எப்பவும் ஒரு குறையும் இருக்காது. அதான் எனக்குப் புரியலை."

மனதாரத்தான் சொன்னாள். எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டேன் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுவார் கிளைட். கோழிப் பண்ணைக் கம்பெனிக்கு வரிப்பணத்தை அள்ளிக் கொடுக்க அவருடைய கட்சியே மசோதா கொண்டுவந்தபோது, 'எதிர்த்து ஓட்டுப் போட்டேன், நம் ஊருக்கு வரவிருந்த நூறு வேலை இதனால் வராமல் போகலாம்' என்று தானே எழுதி அனுப்பினார். பாதி ஊர் ஆறு மாதம் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. அப்போதும் சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார். வயதானவர்களின் வீட்டு வரியை உயர்த்தக்கூடாது என்று நான்கு வருடம் தோற்று, ஐந்தாம் வருடம் சட்டமாக்கியவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதருக்குக் கேக் போட்டியில் ஜெயித்தது யார் என்று தெரியாதாம்!

"பரவாயில்லை, நெடீன்" என்று அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "இதுதான் கடைசிக் கடிதம். புதன்கிழமையோட பதவி முடியுது."

தெரிந்த விஷயம்தான். எட்டு வருடத்துக்கு மேல் யாரும் அந்த நாற்காலியில் இருக்கக்கூடாது என்பது சட்டம். ஆனாலும் அவர் வாயால் இப்போதுதான் கேட்கிறாள். அடுத்த சனிக்கிழமை எட்டேகாலுக்கு அவள் எங்கே போவாள்?

"அந்தச் சட்டத்தை நீங்க எதிர்த்திருக்கலாம்" என்றாள்.

"நல்ல சட்டம். நான் ஆதரிக்கிறேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இனிமே உங்களுக்கும் தொந்தரவு இல்லை."

"ஆமாம். நிம்மதி."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தொப்பியை எடுத்து, தலையசைத்துவிட்டு வெளியே போனார்.

நெடீன் மேசையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். கடைசிக் கடிதம். பத்திரப்படுத்தி வைக்கலாம் என்றால் எங்கு பார்த்தாலும் சிவப்புக் கோடு.

"ட்விலா, உனக்கு வந்த கடிதத்தை எனக்குத் தர்றியா? சுத்தமா ஒண்ணு வேணும்."

கல்லாவில் இருந்த ட்விலா திடுக்கிட்டாள். "எதுக்கு? வேண்டாமே... அதுல காபி கொட்டிடுச்சு."

"கொட்டட்டும். கொடு."

ட்விலா கடையிலிருந்தவர்களைப் பார்த்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை. பெருமூச்சு விட்டு, பில் கட்டுக்கு அடியிலிருந்து உருவிக் கொடுத்தாள்.

காபிக் கறையே இல்லை. நெடீன் பிரித்துப் படித்தாள். கேக் போட்டியில் முதல் பரிசு ஆக்னஸ். பாலம் செவ்வாய்க்கிழமை. யோடர் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். விருந்து பாப்டிஸ்ட் சர்ச்சில்.

"எல்லாம் சரியா இருக்கே! இதை எப்ப திருத்தி அனுப்பினார்?"

"திருத்தவே இல்லை, நெடீன். எங்க எல்லாருக்கும் எட்டு வருஷமா இப்படித்தான் வருது" என்றாள் ட்விலா. "உனக்கு மட்டும்தான் அவர் தனியா உக்காந்து, யோசிச்சு யோசிச்சுத் தப்பா ஒண்ணு எழுதி, சொந்தக் காசுல தபால்தலை ஒட்டி அனுப்புறார். அடுத்த சனிக்கிழமை உன்னை எப்படி வரவைக்கிறதுன்னு தெரியாம, இப்ப வெளிய வண்டியைக்கூடக் கிளப்பாம முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், போ!"