பங்கு போட்ட கோழி

"செத்த கோழியையா ஊருக்குப் பங்கு போடப் போற?"

வேன் டிரைவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். விடியற்காலையில் சவாரிக்குக் கிளம்பும்போது, வீட்டுக் கோழிகள் அத்தனையும் கூண்டுக்கு வெளியே காலை நீட்டி விறைத்துக் கிடந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் திரும்பி வந்தால் வீடெல்லாம் கறி வாசனை. மனைவி கிண்ணம் கிண்ணமாக ஊற்றித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கத்தாதீங்க. வழி விடுங்க."

"உனக்கென்ன புத்தி பிசகிப் போச்சா? இதை நாம சாப்பிடுவோமா?"

"நமக்கு எடுத்து வைக்கலை."

"அடிப்பாவி!"

அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு, அவர் கைக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டாள்.

ஃபேனோ மிக்ஸியோ எது எரிந்துபோனாலும் செம்புக் கம்பி சுற்றி ஓட வைத்துவிடுவாள். அதனால் அந்தக் குடியிருப்பில் அவளுக்கு மோட்டாரக்கா என்றுதான் பேர். ஒன்றை நினைத்துவிட்டால் யார் சொன்னாலும் கேட்கிற ரகமில்லை. டிரைவர் செருப்புகூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை. நிழலுக்காக நாலைந்து பேர் முற்றத்தில் கூடியிருந்தார்கள்.

"எல்லாரும் எடுத்துக்குங்க! வெயில் தாங்காம நம்ம கோழிங்க சுருண்டு போச்சு. உயிர் போறதுக்குள்ள அறுத்துட்டேன். வீணாப் போகக் கூடாதுல்ல?"

சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

குடியிருப்புச் செக்ரட்டரி பேப்பரை மடித்து வைத்தார். அந்தக் கோழிகளை ஒழித்துக்கட்டச் சொல்லி மாதாமாதம் கூட்டத்தில் சண்டை போடுகிற மனுஷர்.

"என் பூந்தொட்டியை உங்க கோழிங்க கிளறாத நாளே இல்லை. இன்னிக்கு வட்டியும் முதலுமா வசூல் பண்ணிக்கிறேன்" என்று சிரித்தபடி பெரிய கிண்ணமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

மோட்டாரக்கா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

செக்ரட்டரி ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனார். டிரைவர் பொறுக்கமாட்டாமல், "சார்..." என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் மாடியிலிருந்து அலறல் கேட்டது.

"சாப்பிடாதீங்க! ஐயோ, கீழே போடுங்க!"

மாடி வீட்டு டீச்சர். 'முட்டை இருக்காக்கா?' என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து நிற்கிறவர். படிகளில் தடதடவென்று இறங்கி ஓடி வந்து, செக்ரட்டரி கையிலிருந்த கிண்ணத்தைத் தட்டிவிட்டார். கறி தரையெல்லாம் சிதறியது.

"எலிக்கு மருந்து வச்சிருந்தேன். அதைத்தான் கோழிங்க கொத்தியிருக்கு. வெயிலெல்லாம் இல்லை. வேணும்னு செய்யலை, சத்தியமா வேணும்னு செய்யலை!"

கிண்ணம் எடுத்திருந்தவர்கள் அவசரமாகக் கீழே வைத்தார்கள்.

"காலையிலேயே உங்களுக்குத் தெரியுமா?" என்றார் செக்ரட்டரி.

"ஜன்னல்லேருந்து பார்த்தேன். சொன்னா எல்லாரும் என்னை என்ன நினைப்பாங்களோன்னு..." டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நல்லா இருக்கும்மா நியாயம்! மருந்துன்னு வெளியில தெரிஞ்சிருந்தா எல்லாரும் என்னையில்ல சந்தேகப்பட்டிருப்பாங்க?" என்ற செக்ரட்டரி, சட்டென்று மோட்டாரக்கா பக்கம் திரும்பினார். "அவங்களையாவது மன்னிக்கலாம். நீங்க? எதனால சுருண்டுச்சுன்னு பார்க்காம எங்க வாயிலயா கொட்டப் பார்த்தீங்க? இதுக்குப் பேர்தான் அக்கம்பக்கமா?"

"போலீசைக் கூப்பிடுங்க!" என்றது ஒரு குரல். "குடியிருப்பை விட்டே காலி பண்ணச் சொல்லுங்க!" என்றது இன்னொன்று.

மோட்டாரக்கா தலை குனியவில்லை. கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, எல்லாரும் பார்க்க நிதானமாக மென்றாள்.

"ஏய், துப்புடி!" டிரைவர் பாய்ந்து வந்து அவள் தாடையைப் பிடித்தார்.

அவர் கையை விலக்கிவிட்டு, மென்றதை விழுங்கினாள். "இது கறிக்கடையில வாங்கினது. நம்ம கோழிங்களை அப்பவே ஆழமாக் குழி தோண்டிப் புதைச்சுட்டேன். என் வீட்டுல இறங்காத சோத்தை அடுத்த வீட்டுக்கு நான் கொடுப்பேனா?"

"அப்போ இவ்வளவு நேரம் நாடகமா ஆடினே?" டிரைவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "பேசாம ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டா யாரு ஒத்துக்குவாங்க? செத்த கோழி வாயோரம் நீலமா மருந்துப் பருக்கை ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தா ஆளாளுக்குச் செக்ரட்டரி சாரைத்தான் கை காட்டுவீங்க. வச்சவங்க கமுக்கமா வேடிக்கை பார்ப்பாங்க. மருந்து வச்சது யாரா இருந்தாலும், இன்னொருத்தர் அதைத் தின்னப் போறாங்கன்னா பார்த்துட்டு நிக்க மனசு வராதுன்னு நம்பினேன். அவ்வளவுதான்."

செக்ரட்டரி கையைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் தேம்பிக்கொண்டே அருகே வந்தார். "என்னை என்ன வேணா திட்டுங்கக்கா. எப்படியும் உங்க கோழிங்களை நான் திருப்பிக் கொடுத்துடறேன்..."

"கோழி கிடக்கட்டும் டீச்சர்" என்று மோட்டாரக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். "காலையிலேருந்து சந்து பொந்தெல்லாம் துழாவிட்டேன், எனக்குக் கிடைக்கலை. மிச்ச மருந்தை எங்கே வச்சிருக்கீங்க, அதைக் காட்டுங்க முதல்ல. பிள்ளைங்க விளையாட இறங்கற நேரம்!"