ரேஸ் மாடல்

கார் கழுவும் கடையில் தன் ஆபீஸ் மேனேஜரைப் பார்த்ததும் கிளார்க் எழுந்து நின்றான்.

“நீங்களும் ஜப்பான் ரேஸ் மாடல்தானா?” என்றார் மேனேஜர்.

“உங்களைப் பார்த்துத்தான் சார் வாங்கினேன். சும்மா பறக்குது!”

பறந்தது பேச்சு மட்டும்தான். அவன் வாங்கியது சாதா மாடல். பின்னாலிருந்த சிவப்பு ‘ரேஸ்’ எழுத்து, தனியாக வாங்கி ஒட்டியது.

கார் கழுவுகிறவர் ஈரக் கையோடு வந்தார். “சார், தண்ணியைப் பீச்சினதும் சிவப்பு எழுத்து கையோட வந்துடுச்சு. சும்மா ஒட்டினது போல.”

கிளார்க் தலையைக் குனிந்தபடி கையை நீட்டினான்.

“உங்களோடது கெட்டியா இருக்கு சார். இது அவர் வண்டியில இருந்தது” என்று கழுவுகிறவர் மேனேஜரைக் காட்டினார்.

மேனேஜர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கழுவுகிறவர் போனதும் நாற்காலியைக் கிட்டே இழுத்தார்.

“நீங்க என்ன பசை போட்டீங்க?”