இருநூற்று இருபத்தைந்து டிகிரி

தொட்டியில் ஒரு பெல்லட்கூடக் குறைந்திருக்கவில்லை.

அடுப்பில் எரியும் அந்த மரத்தூள் உருண்டைகளை நேற்று இரவு எட்டு மணிக்கு விளிம்புவரை கொட்டியது நான்தான். இப்போது காலை ஒன்பது. இதற்குள் முக்கால்வாசித் தொட்டி எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். மேலே விழுந்து கிடந்த மூட்டைக் காகிதத்தின் கிழிசல்கூட நகராமல் அதே இடத்தில் இருந்தது.

மூடியின் மேலிருந்த முள்ளைப் பார்த்தேன். இருநூற்று இருபத்தைந்து டிகிரி. பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி, வேக ஃபாரன்ஹீட்டில் அதுதான் சரியான சூடு.

எப்போதும் இந்த அடுப்பு இருபது டிகிரி ஏறும், இருபது இறங்கும். நேற்றிரவு முழுக்கக் கைபேசியில் பதிவான சூட்டின் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது.

அப்பாவுக்குத் தெரிந்தால் சிரிப்பார். ஆர்வில் கிரெனெக், நாற்பது வருடம் ஓக் விறகு போட்டு ஊருக்கே மாட்டுக்கறி வாட்டியவர். கறி அடுப்பில் இருந்தால் இரவெல்லாம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நெருப்பைத் தனியாக விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவனை டெக்சஸ்காரன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். போன வருடம் இந்த பெல்லட் அடுப்பை நான் வாங்கி வந்தபோது ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

"பிளக்குல சொருகுற அடுப்பாடா? கறி வேகாது, ஷாக்தான் அடிக்கும்."

இப்போது பின்னறையில் படுத்திருக்கிறார். ஒன்பது நாளாகத் தண்ணீர் தவிர எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை தாண்டாது என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சொல்லியிருந்தாள். இன்று சனிக்கிழமை.

வியாழனன்று கண் திறந்து ஒரு வாய் பிரிஸ்கெட் கேட்டார். மெல்லக்கூட வேண்டாம், நாக்கில் வைத்தால் போதும் என்றார்.

எனக்கு விறகடுப்பு கைவராது. இதில்தான் வைத்தேன். வைத்துவிட்டுத் தூங்கினேன்.

அக்கா டார்லீன் காபிக் கோப்பையோடு பின்வாசலில் வந்து நின்றாள்.

"கறி வேகுதுல்ல? அப்புறம் அத ஏன்டா நோண்டுற?"

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. எரிபொருள் இல்லாமல் சூடு வருவதை எங்கள் துறை அனுமதிப்பதில்லை.

தவிர, அடுப்பு நடுவில் அணைந்தால் கறி வீண். புதிதாக ஒன்று வைத்தால் பதினாறு மணி நேரம். அப்பாவிடம் அவ்வளவு கிடையாது.

கறியை வெளியே எடுத்துக் கசாப்புக்கடைக் காகிதத்தில் சுற்றி, சூடு ஆறாமல் இருக்க, ஐஸ் போடாத வெறும் ஐஸ்பெட்டிக்குள் துண்டு போர்த்தி வைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். காற்றாடி நின்றது.

முள் இறங்கவில்லை.

மூடியைத் திறந்துவிட்டேன். பின்கட்டுக் காற்றில் பத்து நிமிடம் அண்ணாந்து கிடந்தது மூடி. அப்போதும் இருநூற்று இருபத்தைந்து.

கம்பித் தட்டையும் கொழுப்புத் தட்டையும் தூக்கினேன். அடியில் நெருப்புக் கிண்ணம். பற்றவைப்பதற்காக நேற்று நான் கையால் போட்ட ஒரு பிடி பெல்லட்டின் சாம்பல் அதில் இருந்தது. வேறொன்றும் இல்லை. விரலை வைத்தேன். சாம்பல் ஜில்லென்று இருந்தது. அதே நேரத்தில் மணிக்கட்டில் முடி பொசுங்கும் வாசனை வந்தது.

பயமாக இருந்தது. அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் பாடப்புத்தகம். தொட்டியைக் காலி செய்தேன். பெல்லட்டை நெருப்புக்குத் தள்ளும் திருகுத் தண்டை இழுத்தேன், வரவில்லை. ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின விருந்துக்குப் போட்ட மிச்சம் குழாயிலேயே கிடந்திருக்கிறது. புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் அதையும் நனைத்திருக்கிறது. பெல்லட் ஊறி, உப்பி, சிமெண்ட் ஆகியிருந்தது. தண்டை மோட்டாரோடு சேர்க்கும் சின்ன ஆணி இரண்டாக முறிந்திருந்தது. நேற்றிரவிலிருந்து ஒரு துகள்கூட உள்ளே போக வழியில்லை.

சுத்தியலும் உளியுமாக ஒரு மணி நேரம். குழாயைச் சுரண்டித் துடைத்து, அடுப்போடு வந்த மாற்று ஆணியைப் போட்டு, காய்ந்த பெல்லட்டாகப் பார்த்துக் கொட்டி, பிளக்கைச் சொருகினேன்.

டொக். டொக். கிண்ணத்தில் பெல்லட் விழும் சத்தம். ஐந்து நிமிடத்தில் புகை. பிறகு சின்னதாக ஒரு தீ.

தீ பிடித்த அந்த நொடியில் முள் சரிந்தது. வெகுநேரம் கதவைத் தோளால் தாங்கி நின்ற ஆள் விலகியதுபோல, ஒரேயடியாக அடிவரை.

பிறகு தானாக ஏறத் தொடங்கியது. நூற்று எண்பது. இருநூற்று நாற்பது. இருநூற்றுப் பத்து. பழைய, ஒழுங்கில்லாத, நம்பகமான அடுப்பு. கறியைத் திரும்ப உள்ளே வைத்து மூடினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டார்லீன் மறுபடி வந்தாள். ஒரு வாரத்தில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

"டேய் வேட், நேத்து எட்டு மணிலேர்ந்து அப்பாவுக்கு ஒடம்பு கொதிச்சுதுடா. மாத்திரையத் தண்ணில கரைச்சுக் குடுத்தேன், ஈரத்துணி போட்டேன், ஒரு டிகிரி இறங்கல. ராத்திரி பூரா அதே சூடு. நீ பயந்துருவேன்னுதான் சொல்லல."

"இப்போ?"

"இப்பதான், ஒரு பத்து நிமிஷம் முன்னாடி ஜுரம் விட்டுச்சு. தொட்டுப் பாத்தேன், கை காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. அந்த மூச்சு இழுப்புகூட நின்னுபோச்சு. அசையாம தூங்குறாரு." வேகும் வாசனையை மூக்கால் இழுத்தாள். "கறி எப்ப ஆகும்? எழுப்பணும்ல."

என் பின்னால் பெல்லட் ஒவ்வொன்றாக, மிகச் சரியாக விழுந்துகொண்டிருந்தது.

இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்றேன்.