இன்னும் இரண்டு கை கொட்டை

கிணற்றடிக் கல்லில் வெயில் காய்கிறது. விழுது கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்று மகளின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, அரைத்த சீத்தாக்கொட்டையை வேப்பெண்ணெயில் குழைத்து அவள் தலையில் அப்புகிறாள் பரிமளா. திருச்சியிலிருந்து வந்திருக்கும் நாத்தனார் சுமதி நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள். "எங்க டவுன்ல இந்தக் கண்றாவியெல்லாம் கிடையாது. வூட்டைச் சுத்தமா வச்சிருந்தா பேன் எங்கேருந்து வரும்?" சொல்லி முடிப்பதற்குள் அவள் விரல் கொண்டைக்குள் நுழைந்து வளையல் குலுங்கச் சொறிகிறது, சுகத்தில் கண் செருகுகிறது. காலையிலிருந்து இது எட்டாவது தடவை, பரிமளா எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். "ஆமாங்க அண்ணி," என்று அம்மிப் பக்கம் திரும்பி, இன்னும் இரண்டு கை கொட்டையை அள்ளிப் போடுகிறாள். "இவளுக்கு முடிஞ்சதும் துணியை அவுத்துத் தரேன். நீங்க கொண்டையை அவுத்துட்டு வந்து உக்காருங்க."